சென்னியப்பனுக்காக வெச்ச லைட்டு

வாங்க, வாங்க. கேட்டைச் சாத்தீட்டு வாங்க, நாய் வெளிய ஓடீரும். போன்ல பேசுனது நீங்கதானுங்களா? ஈரோட்டுலிருந்தா? இந்த வெயில்ல பஸ்ஸேறி வந்திருக்கீங்க. மொதல்ல உக்காருங்க, தண்ணி குடிங்க.

ஒண்ணு முன்னாலயே சொல்லீர்றனுங்க. விளம்பரம் போட்டது நானில்லை. எம்பொண்ணு. நான் கடைக்குப் போயிருந்த நேரம் பாத்து அவளும் அவங்கம்மாளும் சேந்து வண்டியைப் போட்டோ புடிச்சு போன்ல போட்டுட்டாங்க. எனக்குத் தெரியறதுக்குள்ள ஆளாளுக்குக் கூப்புட ஆரம்பிச்சுட்டாங்க. எல்லாத்தையும் வர வேண்டாம்னு சொல்லீட்டேன். நீங்க மட்டும், வாங்கறனோ இல்லையோ வண்டியை ஒருக்காப் பாக்கணும்னு சொன்னீங்க பாருங்க, அந்தப் பேச்சு எனக்குப் புடிச்சுது. பாருங்க. பாக்கறதுக்கு என்ன காசா பணமா.

இந்தத் தார்ப்பாயை அந்தப் பக்கம் சித்தெ புடிங்க. ம்ம். எப்படி நிக்குது பாத்தீங்களா? மலையேறப் போற பைக்குங்க இது. காடு, கல்லு, ஆத்துத் தண்ணி எல்லாம் ஏறி எறங்கறதுக்குன்னே உசரமாப் பண்ணுனது. முத முதல்ல வந்த மாடலு, கார்புரேட்டர் வண்டி. இப்ப வர்றதெல்லாம் உள்ள கம்ப்யூட்டர் வெச்சு வருது, வழியில நின்னுபோச்சுன்னா லாரியிலதான் ஏத்தோணும். இதை நாலு ஸ்பேனர் இருந்தா எந்தக் காட்டுலயும் கழட்டி மாட்டலாம். எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க. டேங்க்ல இருந்த பேரை நானே உரிச்சுப் போட்டுட்டேன். கம்பெனிக்காரன் குடுத்ததுல பாதிகூட இப்ப இதுல இல்லை.

இதை வாங்குனதே சென்னியப்பனுக்காகத்தானுங்க. அவனைச் சொல்லாம இந்த வண்டியைச் சொல்ல முடியாது. நீங்க அவசரமாப் போகோணுமா? இல்லையே? அப்பக் கேளுங்க.

சென்னியப்பனும் நானும் ஒண்ணாப் படிச்சவங்க. சொந்தமில்லை. ஆனா அவன் என்னை மச்சாங்கறான், நான் அவனை மாப்பிள்ளைங்கறேன், அந்தப் பேச்சு அப்படியே நின்னுபோச்சு. நான் மங்கலம் ரோட்டுல பேரிங் கடை வெச்சிருக்கேன். அவன் சாயப்பட்டறையில டையிங் மாஸ்டர். திருப்பூர்ல கலருக்குன்னு ஒரு கண்ணு இருந்துச்சுன்னா அது அவன் கண்ணுதானுங்க. நமக்கு ரெண்டும் ஒரே சிவப்பாத் தெரியும், அவன் இதுல ஒரு பொட்டு மஞ்சள் எச்சா இருக்குதும்பான். மெஷின்ல வெச்சுப் பாத்தா அப்படித்தான் இருக்கும்.

லடாக்குல மலைக்கு நடுவுல ஒரு ஏரி இருக்குதுங்களே, நீலமா. நம்ம வண்டிக்காரங்க எல்லாம் அதுக்கு முன்னால நின்னு போட்டோ புடிச்சுப் போடுவாங்க. அந்த ஏரி போட்டோவை வெளிநாட்டு பையர் ஒருத்தன் அனுப்பி, இந்த நீலத்துல பனியன் வேணும்னு கேட்டிருக்கான். சென்னியப்பன் சாயத்தைக் கலந்து கலந்து பாத்து ஒரு ஷேடு குடுத்தான். பையருக்கு அது பரம திருப்தி, ஆர்டரும் போயிருச்சு. இவனுக்குத் திருப்தியில்லை. போட்டோவுல இருக்கற நீலத்துக்குத்தான் நான் மேச் பண்ணுனேன், ஏரியில இருக்கறதுக்குப் பண்ணலைன்னு சொல்லீட்டே இருந்தான். நான் சிரிப்பேன். ஆர்டர் முடிஞ்சுது, பணம் வந்துது, இன்னும் என்னடா ஏரின்னு கேப்பேன்.

அந்த வருசந்தான் கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில கண்ணைக் காட்டியிருக்கான். கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போயிட்டு வருதாம். போன பார்வை போனதுதான், இருக்கறதைச் சொட்டு மருந்து ஊத்தி எத்தனை நாளைக்கு வெச்சுக்க முடியுதோ வெச்சுக்கலாம்னாராம் டாக்டரு. பாக்கோணும்னு ஆசைப்படறதை எல்லாம் தள்ளிப் போடாமப் பாத்துருங்கன்னும் சொன்னாராம். டாக்டருங்க அப்படித்தானுங்க சொல்லுவாங்க. எனக்குச் சக்கரை வந்தப்ப வெரலை எடுக்கோணும்னாரு ஒருத்தரு. இந்தா, வெரலு இருக்குதே.

அன்னிக்கு நேரா கடைக்கு வந்தான். கல்லாவுக்குப் பக்கத்துல உக்காந்தான். பேரிங் டப்பாவை எடுத்து உருட்டீட்டே இருந்தான். அப்பறம் சொன்னான், "மச்சா, அந்த ஏரியைப் பாத்தறோணும். கண்ணு இருக்கையிலயே."

 நான் கூட்டீட்டுப் போறேன்டான்னு சொல்லீட்டேன். ரயில்லயோ கார்லயோ இல்லை, வண்டியில, எம்பின்னால உக்காத்தி வெச்சு. வழியில இருக்கற நாட்டையெல்லாம் நீ பாத்தே ஆகோணும்னேன். அவன் எங்கையைப் புடிச்சுட்டு விடவே இல்லை. அந்த மாசமே பெங்களூர்ல ஒரு இன்ஜினியர் பையன்கிட்ட இருந்து இதை வாங்கீட்டு வந்தேன்.

வாங்குன கையோட போயிருக்கலாமேன்னு இப்ப எல்லாரும் பேசறாங்க. எங்க வீட்டம்மாளும் பேசறா. வண்டியைப் பத்தித் தெரியாதவங்க பேச்சுங்க அது. பழைய வண்டி. முன்னாடி வெச்சிருந்தவன் எப்படி ஓட்டுனானோ. ஒரு உசுரைப் பின்னால ஏத்தீட்டு அத்தாந்தூரம் போறோம், சும்மா ஆயிலை மாத்தீட்டுக் கெளம்ப முடியுமுங்களா? ஹேண்டிலைத் திருப்புனா நடுவுல ஒரு தட்டு தட்டுச்சு. பேரிங் கடைக்காரன் வண்டியில பேரிங் தட்டலாமா? கழட்டி நல்லதா மாத்துனேன். அதை மாத்தறப்ப முன்சக்கரத்துது சுமாராத் தெரிஞ்சுது. அதை மாத்துனா பின்சக்கரத்துது என்ன பாவம் பண்ணுச்சு? அப்பறம் இன்ஜினுக்கடியில கல்லு அடிக்காம இருக்க இந்தத் தகடு, விழுந்தாத் தாங்கறதுக்கு இந்தக் கம்பி. இதெல்லாம் கடையில வாங்குனதில்லை, நானே அளவெடுத்து வெல்டிங் வெச்சது. தட்டிப் பாருங்க. நல்லாத் தட்டுங்க, ஒண்ணும் ஆகாது.

அந்த ரோடு வருசம் பூராத் தொறந்திருக்காதுங்க. ஆனியில தொறந்தா புரட்டாசியோட சரி, அப்பறம் பனி மூடிக்கும். மொத வருசம் நான் முடிக்கறதுக்குள்ள புரட்டாசி வந்துருச்சு. அவங்கிட்டப் போய்ச் சொன்னேன், அவசரப்படாத மாப்பிள்ளை, அடுத்த வருசம் போலாம், எல்லாம் நல்லாப் பாத்து வெச்சர்றேன்னு. சரி மச்சான்னான். அவன் எதுக்கும் சரி மச்சாங்கற ஆளு.

ஒருக்கா ஊட்டிக்குப் போனோம், சோதனைக்கு. மேல போகப் போகக் காத்து கம்மியாகுமுங்க, கார்புரேட்டர்ல பெட்ரோல் போற ஓட்டையை அதுக்குத் தகுந்த மாதிரி மாத்தோணும். அதைப் பாக்கறதுக்குத்தான் போனது. தொட்டபெட்டா வரைக்கும் வண்டி ஒரு மூச்சுக்கூட விடலை, அப்படி ஏறுச்சு. ஒரு வளைவுல லாரிக்காரன் கிட்ட ஒட்டி வந்தான். மேல போய் நிறுத்தறப்ப எங்கை நடுங்கீட்டிருந்துச்சு. நல்ல குளுரு அன்னிக்கு. சென்னியப்பன் எங்கையைப் புடிச்சுத் தேச்சுவிட்டான். பயந்துட்டியா மச்சான்னு கேட்டான். குளுருடான்னேன். அவன் அப்படியே பள்ளத்தைப் பாத்துட்டு நின்னான். அந்தப் பச்சையில எத்தனை பச்சை இருக்குதுன்னு எனக்குச் சொல்லீட்டே இருந்தான். இவ்வளவு சந்தோசமா அவனை நான் பாத்ததில்லை.

எறங்கறப்ப பொழுது விழுந்துருச்சு. குன்னூர் தாண்டுனதும் பின்னாலிருந்து சொல்றான், லைட்டு மங்கலா இருக்குது மச்சா, ரோட்டு ஓரமே தெரியலைன்னு. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. ஆனா பின்னால உக்காந்திருக்கறவன் சொல்றான்னா அதை எடுத்துக்கோணுமில்லீங்களா? அடுத்த வாரமே இந்த ரெண்டு மஞ்ச லைட்டை மாட்டுனேன். பனிக்குள்ளயே குத்தீட்டுப் போகும். அவன் வீட்டு முன்னால கொண்டுபோய்ப் போட்டுக் காட்டுனேன். இப்பத் தெரியுதாடான்னேன். கொஞ்சம் பரவால்லை மச்சான்னான்.

கொஞ்சந்தானான்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிப் போச்சுங்க.

அப்பறம் ஒரு நாளு பேசீட்டிருக்கறப்ப, பக்கத்துல வர்றதே தெரிய மாட்டேங்குது, திடீர்னு மூஞ்சிக்கு முன்னால வந்து நிக்குதுன்னான். ரோட்டைத் தாண்டறப்ப ஆட்டோக்காரன் திட்டீட்டுப் போனானாம். நான் அன்னிக்கு ராத்திரி தூங்கலை. பக்கம்தானே தெரியலை? இந்தா, பக்கத்துக்கு ஒண்ணொண்ணா ரெண்டு லைட்டு, வெளிப்பக்கம் சாய்ச்சு வெச்சது. இந்தக் கண்ணாடியப் பாருங்க, பெருசு, லாரிக்கு வெக்கறதுல சின்னது. இது ஓட்டறவனுக்கில்லை. சாய்ச்சுப் பாருங்க, பின்னால உக்காந்திருக்கறவனுக்குத் தெரியும். எந்த வண்டியிலயாவது பின்னால உக்கார்றவனுக்குக் கண்ணாடி பாத்திருக்கீங்களா? நான் வெச்சிருக்கேன். டிராபிக் போலீஸ் ரெண்டு தடவை அபராதம் போட்டாரு, கல்யாண ஊர்வலமாய்யான்னு கேட்டாரு. கேட்டுட்டுப் போறாரு.

அத்தனை லைட்டுக்குக் கரண்டு எங்கிருந்து வரும்? பழைய வண்டியில அதுக்குத் தகுந்த காயில் இல்லை. ஒரு நாளு அவிநாசி போயிட்டு வர்றப்ப கப்புனு கருகற வாடை. இன்ஜின் மூடியைக் கழட்டுனா காயில் கரிக்கட்டையாட்டக் கெடக்குது. புதுசு கிடைக்காது. கோயமுத்தூர்ல தடிமனான கம்பியில சுத்தித் தர்ற ஆளைத் தேடிப் புடிச்சேன். அவரு ஒண்ணு சுத்திக் குடுத்தாரு, அது சூடேறுச்சு. திரும்பச் சுத்துனாரு. அதுக்குள்ள ரெண்டாவது வருசமும் போயிருச்சு. அவசரப்படாத மாப்பிள்ளை, அடுத்த வருசம் போலாம்னேன். சரி மச்சான்னான்.

இதுக்கு நடுவுல பட்டறையில ஒரு லாட்டு ஷேடு மாறிப் போச்சு அவனுக்கு. பச்சையில சாம்பல் ஏறிப் போச்சாம், மொத்தமும் திரும்பி வந்துருச்சு. எனக்குத் தெரிஞ்சு அவன் வாழ்க்கையில அப்படி ஆனதில்லை. நான் உடனே சொன்னேன், உன்ற கண்ணுல ஒண்ணுமில்லைடா, நீங்க ஷேடு பாக்கற பெட்டிக்குள்ள எரியற ட்யூப் பழசாயிருக்கும், ஓனர்கிட்டச் சொல்லி ட்யூப்பை மாத்தச் சொல்லுன்னு. மாத்துனாங்களாம். அடுத்த லாட்டும் மாறிப் போச்சு. அவனே வேலையை விட்டுட்டு வந்துட்டான். கெட்ட நேரம், வேறென்ன சொல்றது.

இப்பத்தானுங்க எனக்குக் கோவம் வர்ற கதை. சென்னியப்பன் வீட்டம்மா ரங்கநாயகி. நான் தங்கச்சின்னுதான் கூப்புடுவேன். அந்தப் புள்ளையோட அண்ணன் டெல்லியில சர்க்கார் உத்யோகம். அவரு போன வருசம் ஆனியில கூப்புட்டிருக்காரு, மாப்பிள்ளையை அனுப்பி வைம்மா, இங்கிருந்து பிளேன்ல ஏத்தி, அங்கிருந்து கார்ல கூட்டீட்டுப் போய் ஏரியைக் காட்டி, ஒரு வாரத்துல கொண்டாந்து விட்டர்றேன்னு. தங்கச்சி எங்கிட்ட வந்து சொல்லுச்சு. மொகமெல்லாம் பூரிச்சு நின்னுச்சு. டிக்கெட் போடட்டுங்களாண்ணான்னு கேட்டுச்சு.

நான் என்ன செய்ய? நீங்களே சொல்லுங்க. காயில் அப்பத்தான் சரியாயிருக்குது. பின்சீட்டுக்கு உள்ளுக்குள்ள போடறதுக்கு ஜெல்லு சொல்லி வெச்சிருக்குது. சாஞ்சுக்கறதுக்கு முதுகுக்குக் கம்பி வளைச்சு வெச்சிருக்கேன். அந்த நேரத்துல பிளேன்ல போய் எட்டிப் பாத்துட்டு வர்றேன்னா என்ன அர்த்தம்? அதுக்கு டீவியில பாக்கலாமே. நான் தங்கச்சிகிட்ட ஒண்ணுஞ் சொல்லலை. நேரா அவங்கிட்டப் போனேன். போறதுன்னாப் போ மாப்பிள்ளை, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன், வண்டியை ஆருக்காச்சும் குடுத்தர்றேன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். வேற ஒரு வார்த்தை பேசியிருந்தா எந்நாக்கு அழுகிப் போகும்.

அவன் எம்மூஞ்சியையே பாத்தான். பாத்தான்னா, கொஞ்சம் அக்கட்டத் தள்ளிப் பாத்தான், அப்பெல்லாம் அப்படித்தான் பாத்துட்டிருந்தான். அப்பறம் சிரிச்சான். நீயில்லாம நான் போவனா மச்சான்னுட்டான். டெல்லிக்காரருக்கு அவனே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லீட்டான். அதுதானுங்க சிநேகிதம். எனக்கு அன்னிக்குக் கண்ணே கலங்கிப் போச்சு.

அதுக்கப்பறம் நான் எப்படி வேலை செஞ்சேன்கறீங்க. கடையை எம்பொண்ணு பாத்துட்டா. நான் இந்த ஷெட்டுலயே கெடந்தேன். சீட்டைப் பாருங்க, உக்காருங்க சும்மா, பின்னால. முதுகு எப்படி நிக்குது? அந்தக் கம்பி அவன் முதுகுக்கு அளவெடுத்தது. அவனைச் சேர்ல உக்கார வெச்சு அட்டையை வெட்டி வெச்சு அளவெடுத்தேன். உங்களுக்கும் சரியாத்தான் இருக்குது. கால் வெக்கற எடத்துல சொரசொரப்பா இருக்குது பாத்தீங்களா, குனிஞ்சு தேடாம காலே கண்டுபுடிச்சுக்கும். இந்தப் பெட்டியில ஒரு பக்கம் அவனோட சொட்டு மருந்துக்குன்னு தனி டப்பா, உள்ள தெர்மாகோல் ஒட்டி, சூடு ஏறாம.

அப்பறம் இந்தக் கலரு. டேங்க்கைப் பாருங்க. அந்தப் பையருக்குப் போட்டான்ல ஏரி நீலம், அந்தப் பனியன் துணியில ஒரு துண்டை அவங்கிட்ட வாங்கி வெச்சிருந்தேன். அதைப் பெயின்ட் கடையில குடுத்து, இதேதான் வேணும்னு நின்னு வாங்குனது. ஒரு பொட்டுக்கூட மாறலை.

மாசியில ஒரு நாளு தங்கச்சி இங்க வந்துச்சு. எங்க வீட்டம்மாகிட்ட சமையக்கட்டுல ரொம்ப நேரம் பேசீட்டிருந்துச்சு. போறப்ப ஷெட்டு வாசல்ல நின்னு, எப்பங்ணா முடியும்னு மட்டும் கேட்டுச்சு. லைட்டு வேலைதான் பாக்கின்னேன். நடு லைட்டு கம்பெனிக்காரன் வெச்சது, அதை எடுத்துட்டு ஒண்ணுக்கு ரெண்டா வெச்சுட்டிருந்தேன், மொத்தம் ஆறு. என்னமோ சொல்ல வந்துச்சு. அப்பறம் செருப்பை மாட்டீட்டுப் போயிருச்சு. எங்க வீட்டம்மா மொகம் சரியில்லை, ஆனா அவ மொகம் எப்பச் சரியா இருந்திருக்குது.

வைகாசிக் கடைசியில முடிஞ்சுதுங்க. முடிஞ்சுதுன்னா முடிஞ்சுது, ஒரு ஸ்க்ரூ பாக்கியில்லை. தொடைச்சு, எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி, மாலையோட அவன் வீட்டுக்கு ஓட்டீட்டுப் போனேன். நடுப்பகலு. ஆரனை அடிச்சேன். தங்கச்சி கதவைத் தொறந்துச்சு. அவன் பின்னாலயே தங்கச்சி தோளைப் புடிச்சுட்டு வந்தான். படியில ஒருக்காத் தடுமாறுனான். தூங்கி எந்திரிச்ச கெறக்கமா இருக்கும்னு நெனச்சேன்.

வந்தான். மொதல்ல மாலை கையில பட்டுது. சிரிச்சான். அப்பறம் முன்சக்கரத்துல கையை வெச்சு அப்படியே தடவீட்டே வந்தானுங்க. டயரு, மட்காடு, கம்பி, டேங்க்கு, சீட்டு, பெட்டி, ஒண்ணு விடலை. இது நீ வெல்டிங் வெச்சதா மச்சா, இது எம்முதுகுக்கா மச்சான்னு ஒவ்வொண்ணாக் கேட்டான். எந்த வேலைக்காரன் வேலையையும் அப்படி ஒருத்தரு தடவிப் பாத்திருக்க மாட்டாங்க. மூணு வருசக் கஷ்டமும் எனக்குப் போயிருச்சு. நான் முன்னால உக்கார, அவன் பின்சீட்டுல ஏறி உக்காந்தான். சாஞ்சான். டேங்க் என்ன கலருன்னு கேட்டான். உன்ற நீலந்தான்டான்னேன்.  என்ற இடுப்பைச் சுத்திக் கையை நீட்டி டேங்க் மேல வெச்சான், எடுக்கவே இல்லை.

எறங்கு மாப்பிள்ளை, இன்னும் முக்கியமானதைக் காட்டலைன்னு சொல்லி எறக்குனேன். வண்டிக்கு முன்னால, நேரா, கொண்டுபோய் நிறுத்துனேன். இந்தா, இத்தனை தூரந்தான் இருக்கும். சாவியைத் திருப்பி ஆறு லைட்டையும் போட்டேன். அந்த உச்சி வெயில்லயும் நம்மளால பாக்க முடியாதுங்க, அப்படி ஒரு வெளிச்சம். தங்கச்சி மொகத்தைத் திருப்பிக்கிச்சு. அவன் மட்டும் நின்னான். கண்ணை நல்லா விரிச்சு, நேரா லைட்டைப் பாத்துட்டு, இமைகூட ஆட்டாம, சிரிச்ச மொகமா நின்னான். காத்துட்டு நிக்கற மாதிரி நின்னான்.

அப்பறம் கேட்டான், "போட்டுட்டியா மச்சா?"

 ஃப்யூஸ் போயிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். சீட்டைக் கழட்டி ஃப்யூஸை எடுத்துப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் வேற ஒண்ணு மாத்திப் போட்டேன். எரிஞ்சுது. அவன் அதே எடத்துலதான் நிக்கறான், அதே சிரிப்பு. ஒயரை ஆட்டிப் பாத்தேன், பேட்டரியைப் பாத்தேன், திரும்பப் போட்டேன். தங்கச்சி முந்தானையை மொகத்துல வெச்சுட்டு உள்ள போயிருச்சு. லைட்டு கூசியிருக்கும். நான் ஸ்பேனரை எடுக்கறேன், வெக்கறேன், எடுக்கறேன், அந்தச் சத்தம் மட்டுந்தான் கேக்குது. அவன் கையை முன்னால நீட்டி நடந்து வந்து, துழாவி, எந்தலையைத் தொட்டான். அப்படியே தோளைப் புடிச்சான்.

"ஃப்யூஸாத்தான் இருக்கும் மச்சா," அப்படின்னான். "அவசரப்படாத. எல்லாம் நல்லாப் பாத்து வை. அடுத்த வருசம் போலாம்."

கேட்டீங்களா? நான் ராப்பகலாக் கெடந்து ரெடி பண்ணுன வண்டியை முன்னால வெச்சுட்டு, அடுத்த வருசம்கறான். நான் சொன்னா அதுல ஒரு காரணம் இருந்துச்சு. காயில் போச்சு, பேரிங் போச்சு, ரோடு மூடிப் போச்சு. இவனுக்கு என்ன காரணம்? ரோடு தொறக்கற நேரம், வண்டி நிக்குது. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. மாலையைக் கழட்டாமயே திருப்பி ஓட்டீட்டு வந்துட்டேன்.

அப்பறம் எத்தனையோ தடவை போன் பண்ணுனேன், வாடா கெளம்பலாம்னு. ஃப்யூஸ் பாத்தியான்னு கேக்கறான். கேட்டுட்டுச் சிரிக்கறான். கிண்டலான்னா கிண்டலுமில்லை. போன மாசம் பேசறப்ப தங்கச்சி போனை வாங்கிச்சு. சத்தமெல்லாம் போடலை. மெதுவாத்தான் பேசுச்சு. அவருக்கு ஒண்ணும் தெரியறதில்லைங்ணா, தையிலிருந்தே தெரியலை, வெயிலு நெழலு மட்டுந்தான் தெரியுது, உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாரு, மச்சான் ஆசை ஆசையாப் பண்ணீட்டிருக்கான், முடிக்கட்டும்னுட்டாரு, அப்படிங்குது. எங்க வீட்டம்மாளுக்கும் அது தெரியுமாம், எம்பொண்ணுக்குந் தெரியுமாம். எனக்கு மட்டும் யாரும் சொல்லலை. எப்படி இருக்குது பாருங்க நாயம்.

அப்படியே இருந்தாலுங்க, நான் கேக்கறேன், வெயிலு தெரியுதுன்னா வெளிச்சம் தெரியுதுன்னுதானே அர்த்தம்? வெளிச்சம் தெரியற கண்ணுக்கு லைட்டு தெரியலைன்னா அது லைட்டோட கோளாறுதானுங்களே? இந்த அட்டைப் பெட்டியைப் பிரிச்சுப் பாருங்க. நேத்துத்தான் பார்சல்ல வந்துச்சு. இப்ப இருக்கறதைப் போல ரெண்டு மடங்கு. இதை மாட்டீட்டு ஒருக்கா அவன் முன்னால கொண்டுபோய்ப் போடறேன். இன்னும் புரட்டாசி வரலை, ரோடு தொறந்துதான் இருக்குது. அதனாலதான் விக்கறதுக்கில்லைன்னு சொல்றேன். எம்பொண்ணுக்கு இதெல்லாம் புரியறதில்லை. பாக்கப் பாக்க உங்களுக்குச் சங்கடமா இருக்குதுப்பாங்கறா. எனக்கென்ன சங்கடம்?

எந்திரிச்சுட்டீங்களா? இருங்க, காபி வருது. இல்லைன்னா ஒண்ணு பண்ணுங்க, போறதுக்கு முன்னால ஒரு நிமிசம் இப்படி வந்து முன்னால நில்லுங்க. பழைய லைட்டுத்தான், அதையே போடறேன். இன்னும் கொஞ்சம் கிட்ட. ஆமா, அங்கதான் அவன் நின்னான். மொகத்தைத் திருப்பிக்காதீங்க, நேராப் பாருங்க.

போட்டுட்டனுங்க. எரியுதுங்களா? ஏனுங்க, ஒண்ணும் சொல்லாம நிக்கறீங்க. கண்ணுல தண்ணி வந்தாத் தொடைச்சுட்டுப் பாருங்க, வாயைத் தொறந்து சொல்லுங்க. ஆறும் எரியுதுதானுங்களே?